வலது கால் மிதித்த பெடல்

எங்கள் லோரி ஓட்டுநர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி, செயலாளர் மூன்று முறை வீட்டுக்கு வந்துவிட்டார். "ஐயா, அந்தக் காலத்துல நீங்க ரோட்டுல புலியெல்லாம் பாத்திருப்பீங்க, அதை எழுதுங்களேன்" என்கிறார். பார்த்திருக்கிறேன். ஜொகூரில், ஸ்கூடாய் ஊர் தாண்டி ஒரு வளைவில் நின்றுகொண்டிருந்தது. ஹாரன் அடித்தேன். போய்விட்டது. புலிக்கதை இவ்வளவுதான்.

நான் எழுத நினைப்பது வேறு. இப்போது கம்பெனிகளில் புது லோரி வந்தால் ஓட்டுநர்களை உட்கார வைத்து மூன்று நாள், நான்கு நாள் வண்டிப் பழக்கப் பயிற்சி கொடுக்கிறார்களாம். நம் பிள்ளைகள் அதற்கு முகத்தைச் சுளிக்கிறார்கள் என்று கேள்வி. "பத்து வருஷமா ஓட்டுறோம், எந்த லோரியா இருந்தாலும் ஸ்டீரிங் ஸ்டீரிங்தானே லா?" என்று ஒருவர் சங்கக் கூட்டத்தில் எழுந்தே கேட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. ஏறக்குறைய இதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொன்னவன். சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டியவன்.

என் பெயர் முத்தையா. ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன். லோரியில் மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போய், வண்டி கழுவி, ஓட்டுநர் சாப்பிடப் போகும் நேரத்தில் அவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்து, அப்படியே ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஜொகூர் பாருவில் லைசன்ஸ் பரீட்சை. பக்கத்தில் அமர்ந்த அதிகாரி முன்னால் போகச் சொன்னார், பின்னால் வரச் சொன்னார், இறங்கிவிட்டார். என் படிப்பு முடிந்தது.

பிறகு தம்போயில் இருந்த ஒரு லோரிக் கொட்டகையில் சேர்ந்தேன். முதலாளி ஒரு சீனர், தவுக்கே என்றுதான் அழைப்போம். தோட்டங்களிலிருந்து ரப்பர் ஷீட்டும், பெக்கான் நானாஸ் பக்கமிருந்து அன்னாசியும் ஏற்றி வருவது எங்கள் வேலை.

அந்தப் பழைய லோரியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அதற்கும் காலடியில் மூன்று பெடல்கள்தாம். ஆனால் இன்றைய வண்டி மாதிரி நினைத்துக்கொண்டு ஏறினால் தொலைந்தீர்கள். இடது பெடலை முழுக்க அழுத்தினால் மெதுவாகப் போகும், காலை எடுத்துவிட்டால் வேகமாகப் போகும். நடுவில் இருப்பது ரிவர்ஸ். வலது ஓரத்தில் இருப்பது பிரேக். எண்ணெய்க்கு, அதாவது வேகம் கூட்டும் பெட்ரோலுக்கு, பெடலே கிடையாது. ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் குச்சி இருக்கும், அதை விரலால் இழுக்க வேண்டும். கிளப்புவதற்கு முன்னால் நின்று ஹேண்டில் சுற்ற வேண்டும். சுற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்காவிட்டால், அது திருப்பி உதைத்து மணிக்கட்டை உடைத்துவிடும். மேடு செங்குத்தாக இருந்து டாங்கியில் எண்ணெயும் குறைவாக இருந்தால், வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே மேடு ஏற்றுவோம். முன்பக்கம் உயர்ந்தால் எண்ணெய் இன்ஜினுக்கு வராது என்பது காரணம். ரோட்டில் போகிறவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும், மேடு ஏறினால் சரி.

இந்த வண்டியை ஏழு வருடம் ஓட்டினேன். என் கால்களுக்கு வேறெதுவும் தெரியாது.

கொட்டகையில் எங்கள் தலைவர் செல்லத்துரை ஃபோர்மன். யாழ்ப்பாணத்துக்காரர், முன்பு ரயில்வேயில் இருந்தவர். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய்க் கறை பார்க்க முடியாது. ஆனால் வண்டிக்கு அடியில் படுக்காமல் ஒரு நாளும் போக மாட்டார். அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. யாரையும் 'நீ' என்று சொல்ல மாட்டார், திட்டும்போதுகூட 'நீர்'தான். நாங்கள் ஏதாவது உளறினால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை பதில் வராது. அதற்குள் நமக்கே நாம் உளறியது தெரிந்துவிடும். சரியான கழுத்தறுப்பு மனிதர் என்றுதான் அப்போது பேசிக்கொண்டோம்.

தவுக்கே இரண்டு புது லோரிகள் வாங்கினார். கியர் குச்சி, இடது காலுக்குக் கிளச், நடுவில் பிரேக், வலது ஓரத்தில் எண்ணெய் பெடல், இன்று நீங்கள் ஓட்டுகிற மாதிரியே. வந்த அன்றே ஏறி ஓட்டிவிடலாம் என்று நாங்கள் நான்கைந்து பேர் ஓடினோம். ஃபோர்மன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று நாள், காலையிலிருந்து மத்தியானம் வரை, இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஒவ்வொருவராக ஏற்றி உட்கார வைத்தார். அவர் வெளியே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, பிஸ்கட் தகரம் ஒன்றை மடியில் வைத்துக்கொள்வார். கிளச், கியர், எண்ணெய் என்று சொல்லிக்கொண்டே வருவார், நாங்கள் வெறும் காலை அசைத்துக்கொண்டிருப்போம். திடீரென்று தகரத்தில் ஓர் அடி. உடனே பிரேக்கை மிதிக்க வேண்டும். மிதித்த பெடல் எதுவென்று குனிந்து பார்ப்பார். தப்பானால் மறுபடி முதலிலிருந்து.

எனக்கு அடுத்தவரான பெருமாள் அண்ணன், "என்னய்யா இது, கோயில்ல தப்பு மேளம் அடிக்கிற மாதிரி" என்றார். எல்லாரும் சிரித்தோம். நான் சும்மா இருக்காமல், "ஃபோர்மன் ஐயா, ஏழு வருஷமா ஓட்டுறேன். எந்த லோரியா இருந்தா என்ன? பிரேக் நடுவுல இருக்குன்னு ஒரு தடவை சொன்னா போதாதா?" என்று கேட்டேன்.

கண்ணாடி கழன்றது. துடைத்தார். "உமக்கு ஒருக்காச் சொன்னாக் காணும். உம்மட காலுக்குக் காணாது. அதுக்குக் காது இல்லைத்தானே" என்றார். பிறகு தகரத்தை அடித்தார். நான் வலது ஓரத்தை மிதித்தேன்.

மூன்றாம் நாள் முடிவில் எனக்குத் தப்பே வரவில்லை. ஃபோர்மன் அத்தோடு ஒரு சட்டமும் போட்டார். புது லோரிக்குப் போனவர் பழைய லோரியைத் தொடக்கூடாது, பழையதில் இருப்பவர் புதியதில் ஏறக்கூடாது. ஏறுவதாக இருந்தால் மறுபடி தகரம். எனக்குப் புது லோரி கிடைத்தது. என் பெருமையைக் கேட்கவா வேண்டும், காலர் வைத்த சட்டை தைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ரப்பர் விலை விழுந்தது. அந்த நாட்களைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். எங்கள் கொட்டகையிலும் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்த நாங்கள் வாயைத் திறக்கப் பயந்தோம். வண்டிகள் இருந்தன, ஓட்டத்தான் ஆளில்லை. ஃபோர்மனின் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்தது. என்னைப் பழைய லோரிக்கே திரும்ப மாற்றினார்கள். புதியது பெருமாள் அண்ணனிடம் போனது.

அன்னாசி பழுக்கும் காலம். ஒரு நாள் மத்தியானம் பெருமாள் அண்ணனுக்குக் குளிர்க் காய்ச்சல் வந்து கொட்டகையிலேயே சுருண்டு படுத்துவிட்டார். பெக்கான் நானாஸில் பழம் குவிந்து கிடக்கிறது, அன்றைக்கே எடுக்காவிட்டால் அழுகிவிடும் என்று தவுக்கே கத்துகிறார். நான் காலையிலிருந்து பழைய லோரி ஓட்டி, அப்போதுதான் ஸ்கூடாய் போய்த் திரும்பியிருந்தேன்.

ஃபோர்மன் என்னிடம் வந்தார். "முத்தையா, காலமை பழசு ஓட்டினீர். இப்ப புதுசு ஏலுமோ?" என்றார். கேட்ட விதத்திலேயே அவருக்கு மனமில்லை என்று தெரிந்தது.

"ஏன் ஏலாது? மூணு நாள் தகரம் தட்டினீங்களே, அது எதுக்கு?" என்றேன், கிண்டலாக.

அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டார்.

போகும் வழியெல்லாம் ஒரு பிழையும் இல்லை. கியர் மாற்றினேன், வளைவுகளில் பிரேக் பிடித்தேன், கால் சரியாகவே போயிற்று. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நிதானமாக இருக்கும்போது எல்லாருக்கும் சரியாகத்தான் வரும்.

பழத்தோட்டத்தில் செம்மண் ரோட்டிலிருந்து கால்வாய்க் கரைவரை ஒரு சின்ன இறக்கம். கரையில் அன்னாசிக் குவியல்கள். பெண்கள் கூடையில் சுமந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மெதுவாக இறக்கிக்கொண்டு போனேன். இரண்டு குவியல்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண், வெறுங்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி பின்பக்கமாக நகர்ந்து வந்தாள். யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டே வந்தாள்.

மிதித்தேன். முழுப் பலத்தோடு மிதித்தேன். லோரி நிற்கவில்லை. ஸ்டீரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். மட்கார்டு அவள் காலில் இடித்தது. லோரி கால்வாயில் மூக்கைக் குத்தி நின்றது.

அவள் பெயர் அஞ்சலை. கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. போலீஸ்காரர் கேட்டதும், "பிரேக் பிடிக்கலைங்க. முழுக்க மிதிச்சேன், பிடிக்கவே இல்ல" என்றேன். பெற்ற தாய்மேல் ஆணையாக அன்றைக்கு அது பொய்யில்லை. பிரேக்கை மிதித்ததாகத்தான் நம்பினேன். பெடல் என் பாதத்துக்குக் கீழே பொத்தென்று இறங்கியது இன்னும் ஞாபகமிருக்கிறது.

லோரியைக் கால்வாயிலிருந்து இழுத்து வந்து பார்த்தபோது, பிரேக் தண்டு வளைந்திருந்தது. அதன் முனையில் இருக்க வேண்டிய நட்டைக் காணோம். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது என்று எல்லாரும் எண்ணிவிட்டார்கள். அன்று மத்தியானம்தான் அந்தப் பிரேக்கை முறுக்கிச் சரிசெய்தவர் சாமிக்கண்ணு.

சாமிக்கண்ணு எங்கள் மெக்கானிக். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வேலையில் அப்படியொரு பொறுப்பு. எந்த நட்டையும் முறுக்கிவிட்டு, துணியால் துடைத்து, மறுபடி ஒரு சுற்று பார்ப்பார். அவர் மனைவிக்கு அது எட்டாம் மாதம். வெள்ளிக்கிழமைக்குள் கணக்கைத் தீர்த்துக்கொண்டு போகலாம் என்று தவுக்கே சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் வேலை போனால் வேறு வேலை ஏது? அடுத்த கப்பலில் நாகப்பட்டினம்தான்.

முதல் நாள் சாமிக்கண்ணு என்மேல் பாய்ந்தார். "நான் முறுக்கினேன்டா! என் கையால முறுக்கினேன். பிடிக்கலைன்னு எப்படிடா சொல்ற?"

மறுநாள் குரல் இறங்கிவிட்டது. "முறுக்கின மாதிரிதான்டா இருக்கு. பெருமாளு காய்ச்சல்னு கூப்பிட்டாரு, நடுவுல எந்திரிச்சுப் போனேன். திரும்பி வந்து முறுக்கினேனா..." என்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "முத்தையா, நான் மறந்துட்டேன் போலடா" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் தோளில் கை போட்டு, "விடுங்கண்ணே. மனுஷன்தானே, மறக்கறதுதான்" என்று சொன்னேன். அவரை மன்னித்தேன்! இதை எழுதும்போது கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

ஃபோர்மன் இதற்கிடையில் ஒரு நாள் பெக்கான் நானாஸுக்கு பஸ்ஸில் போய் அந்த இறக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் அஞ்சலையைப் பார்த்துவிட்டு வந்தார். போலீசுக்கு அவர் கொடுக்க வேண்டிய அறிக்கை மேசையில் வெறுமையாகக் கிடந்தது.

ஐந்தாம் நாள் நான் வழக்கம்போலப் பழைய லோரியில் ஒரு நடை போய்விட்டுப் பிற்பகலில் திரும்பினேன். ஃபோர்மன் கூப்பிட்டு, மிச்சமிருந்த இன்னொரு புது லோரியில் ஏறி உட்காரச் சொன்னார். சக்கரத்துக்குக் கட்டை வைத்திருந்தது. ஏதோ சத்தம் வருகிறது, கியரைப் போட்டுப் பாரும் என்றார். கதவுப்படியில் நின்றுகொண்டு பெருமாள் அண்ணனுக்குக் காய்ச்சல் எப்படி, கஞ்சி குடிக்கிறாரா என்று கேட்டார். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் காதுக்குப் பின்னால், இடி விழுந்த மாதிரி, தகரம்.

"ஐயோ!" என்று கத்தியேவிட்டேன்.

"காலை எடுக்காதையும்" என்றார் ஃபோர்மன். "குனிஞ்சு பாரும்."

குனிந்து பார்த்தேன். நடுப் பெடல் சும்மா இருந்தது. என் வலது கால் எண்ணெய் பெடலைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. பாதத்துக்குக் கீழே அதே பொத்தென்ற இறக்கம்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "அந்த இறக்கத்தில பின் சில்லு வேகமாச் சுத்தி மண்ணைப் பறிச்சு எறிஞ்சு கிடக்கு. பிரேக் விட்ட வண்டி சும்மா உருண்டுதான் போகும், மண்ணைப் பறிக்காது. நட்டுத் தானா கழண்டிருந்தா தண்டில திருகுப் புரி முழுசா இருக்கும். இது புரியே அறுந்து கிடக்கு. வண்டி கால்வாயில விழுந்த அடியில பிச்சுக்கொண்டு போனது. அந்தப் பிள்ளையிட்டையும் கேட்டன். 'உறுமிக்கிட்டு வந்துச்சுய்யா' எண்டு சொல்லுது. காலமை முழுக்கப் பழசு ஓட்டின கால், பயந்தவுடன பழைய இடத்துக்குப் போட்டுது. அவ்வளவுதான்."

இந்த மூன்றையும் கண்டுபிடிக்க எந்தப் பட்டமும் தேவையில்லை. போய்ப் பார்த்தால் போதும். எங்களில் ஒருவருக்கும் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

நான் லோரியிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், முதலில் வந்தது வெட்கமில்லை, பயம். லைசன்ஸ் போய்விடும். எனக்கும் கப்பல்தான். பார்த்தது இவர் ஒருவர்தான், நான் மறுத்தால் என்ன செய்வார் என்றுகூட ஓடியது. ஃபோர்மன் என் முகத்தைப் பார்க்காமல் தகரத்தைப் பெட்டிக்குள் வைத்தார்.

"நான் இன்னும் ஒண்டும் எழுதேல்லை" என்றார்.

"சாமிக்கண்ணு அண்ணன் எங்கங்கய்யா?"

"ஆஸ்பத்திரியில. மூண்டு நாளா, பின்னேரமானா அங்கதான்."

"அங்க எதுக்கு?"

"அந்தப் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேக்கப் போறார்."

இறங்கினேன். "போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாங்கய்யா" என்றேன். அவர் ஏற்கனவே தொப்பியை எடுத்து வைத்திருந்தார்.

போலீஸில் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டவர் ஒரு கட்டத்தில் நிமிர்ந்து, பயிற்சி கொடுத்தும் ஏன் இப்படி என்று ஃபோர்மனைக் கேட்டார். "ஒரே நாளில ரெண்டு வண்டி குடுக்கப்படாது எண்டு சட்டம் போட்டதும் நான், சாவி குடுத்ததும் நான். அதையும் எழுதுங்கோ" என்றார் அவர். அதுவும் எழுதப்பட்டது. என் லைசன்ஸை ஓராண்டுக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். தவுக்கே எங்கள் இருவரையும் காது கூசத் திட்டினார். ஃபோர்மன் இல்லாவிட்டால் கொட்டகை நடக்காது என்பதால் அவரை விட்டுவிட்டார். நான் கப்பலேறவில்லை, பட்டறையில் வண்டி கழுவினேன். ஓராண்டு கழித்து லைசன்ஸ் திரும்பி வந்தபோது, நானே போய்த் தகரத்தை எடுத்து ஃபோர்மன் மடியில் வைத்தேன். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு எனக்கு இன்னொரு இடம் பாக்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டின் கடைசிக் கட்டில். அஞ்சலையின் கால் பலகையில் கட்டி உயர்த்தப்பட்டிருந்தது. காலடியில் சாமிக்கண்ணு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நின்றுகொண்டிருந்தார். மூன்று நாளில் ஆள் பாதியாகிவிட்டார்.

என்னைப் பார்த்ததும் அஞ்சலை, "வாய்யா. இவரு உங்க ஆளுதானே? கூட்டிக்கிட்டுப் போய்யா. தினமும் வந்து அழுவுறாரு. அடிபட்டது எனக்கா இவருக்கான்னே தெரியல" என்றாள்.

"அண்ணே" என்றேன். "பிரேக் நல்லாத்தான்ணே இருந்துச்சு. நான்தான் பிரேக்குன்னு நெனச்சு எண்ணெய் பெடலை மிதிச்சுட்டேன். ஃபோர்மன் ஐயா கண்டுபிடிச்சுட்டாரு. போலீஸ்லயும் சொல்லிட்டேன்."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவருக்குக் கோபமே வரவில்லை. நான் சொன்னது அவருக்குள் இறங்க வெகுநேரம் பிடித்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப... நான் மறக்கலையாடா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அஞ்சலைதான் தலையைத் தூக்கி, என்னைப் பார்த்து, "வாயைத் தொறந்து சொல்லுய்யா. அந்த மனுஷன் மூணு நாளா செத்துக்கிட்டிருக்காரு" என்றாள்.

"மறக்கலண்ணே" என்றேன். "முறுக்கியிருந்தீங்க."

சாமிக்கண்ணு வாழைப்பழத்தைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதார்.